தம்பி பஞ்சாயத்துத் தலைவருக்கு நிற்கிறேன் என்கிறான்: தடுக்கவா, விடவா?

கண்மாய்க்கரை

வணக்கம். இங்கே படிக்கிறதோடு சரி, எழுதுவது குறைவு. ஒரு யோசனை வேண்டும்.

என் தம்பிக்கு 34 வயது. சிவில் டிப்ளமோ படித்தவன். ஏழு வருஷம் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டான். உள்ளாட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் ஊராட்சித் தலைவருக்கு நிற்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது.

அவன் தோற்றுவிடுவானோ என்று நான் பயப்படவில்லை. ஜெயித்துவிட்டால் என்ன ஆவான் என்பதுதான் என் கவலை. முன்பு தலைவராக இருந்தவர் எங்கள் பங்காளிதான், முறைக்குச் சித்தப்பா. ஜெயித்த புதிதில் மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் அவரே ஏறி, பிளீச்சிங் பவுடர் போடுகிறார்களா என்று எட்டிப் பார்த்த மனுஷன். மூன்றாவது வருஷம் மே 1 கிராம சபையில் ஒரு பையன் பிளீச்சிங் பவுடர் எத்தனை மூட்டை வாங்கினீர்கள் என்று கேட்டான். "நீ எந்த வார்டு? உங்க அப்பா வீட்டு வரி கட்டிட்டாரா?" என்று கேட்டார் சித்தப்பா. ஏணியில் ஏறினவரும் இவர்தான்.

இடையில் என்ன நடக்கிறது? அந்த நாற்காலியில் இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

அறுபது மாசம்

இருந்தேன். முழுப் பதவிக்காலம். மாவட்டம் வேண்டாம்.

ஒன்பது வார்டு ஊராட்சி. 61 ஓட்டில் ஜெயித்தேன். செலவு 11 லட்சம். ஒரு பிளாட்டை விற்றது நாலு, மீதி கடன். தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, அதனால் கட்சிப் பணமும் வராது, எல்லாம் சொந்தக் கையிலிருந்துதான். மதிப்பூதியம் மாசம் 1,000 ரூபாயாக இருந்து பிறகு 2,000 ஆனது. அறுபது மாசமும் 2,000 என்று வைத்தாலே 1,20,000 ரூபாய். கடனுக்கு வட்டிகூடத் தேறாது. பதவி ஏற்ற அன்றைக்கே மனசுக்குள் இந்தக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது பொய்.

ஆனாலும் முதல் நாலு மாசம் சுத்தமாகத்தான் இருந்தேன். சித்திரை மாசம் கிழக்குத் தெரு போர் மோட்டார் எரிந்தது. காயில் கட்டி, இறக்கி மாட்ட 6,500 ரூபாய். எலக்ட்ரீஷியன் பில்லோடு வந்தார். செயலர், "12,000 போட்டுக்கலாமா தலைவரே, வழக்கம்தான்" என்றார். வேண்டாம், 6,500 என்றே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர், "பார்த்துட்டுப் போடுறேன்" என்றார். முடியாது என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார், காய்ச்சலாகப் படுத்திருந்தார், கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். பதினொரு நாள் இப்படியே போனது. நடுவில் மேற்குத் தெரு மோட்டாரும் எரிந்தது. பழைய பாக்கி வராமல் தொட மாட்டேன் என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்கு என் வீட்டு வாசலில் குடங்கள். ஆள் யாரும் இல்லை, குடங்கள் மட்டும் வரிசையாக. பார்க்கட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

என் மனைவி நகைச்சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். அந்த மாசம் ஓடிவிட்டது. அடுத்த பில் 9,000 என்று வந்தது. உண்மையான செலவு ஆறேகால். போட்டேன். துணைத் தலைவர் அன்று சாயந்திரமே போட்டார், கண்ணாடி இல்லாமலே.

அந்தப் பில்லில் என் கையெழுத்து இருக்கிறது. யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை.

வாத்தியார் வீடு

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், படிக்கிறவனுக்குக் கண் கலங்கும். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. 11 லட்சம் செலவழிக்கச் சொல்லி யார் உங்களை வற்புறுத்தினார்கள்? மாசம் 2,000 ரூபாய் வேலைக்கு 11 லட்சம் போடுகிறவன், ஒன்று விவரம் தெரியாதவனாக இருக்க வேண்டும், இல்லை எடுத்துவிடலாம் என்ற கணக்கோடு வந்தவனாக இருக்க வேண்டும். அழுத்தம் பிறகு வந்ததல்ல, நீங்களே கூட்டிக்கொண்டு வந்தது. வாசலில் குடம் வைத்தவர்களிடம், "துணைத் தலைவர் கையெழுத்துப் போடவில்லை" என்று ஏன் சொல்லவில்லை? ஒரு ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருக்கலாமே. ஓட்டுக் கேட்கும்போது மட்டும் மைக் கிடைத்ததா?

அறுபது மாசம்

வாத்தியார் வீடு: மைக் கட்டியிருக்கலாம், உண்மைதான். துணைத் தலைவர் எனக்கு மச்சான் முறை. அவர் வீட்டுப் பக்கம் 140 ஓட்டு இருக்கிறது. நான் ஜெயித்தது 61-இல். அந்த இரண்டு எண்ணும் சேர்ந்து என் வாயைக் கட்டிவிட்டன. இதுவும் அழுத்தம் இல்லை, ஆசைதான் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பழைய கிளார்க்

31 வருஷம் ஊராட்சி வேலை. பகுதிநேர கிளார்க்காகச் சேர்ந்து செயலராக ஓய்வு பெற்றவன். 1996-இல் புதுச் சட்டப்படி முதல் தேர்தல் நடந்தபோதே மேசையில் இருந்தேன்.

தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சி இருக்கிறது. 1994 ஊராட்சிச் சட்டப்படி, ஊராட்சிக்கு நிர்வாக அதிகாரியும் தலைவரே. முனிசிபாலிட்டி மாதிரி கமிஷனர் என்று தனியாக ஒருவர் கிடையாது. தணிக்கையில் தடை விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தலைவர், மேலே இருக்கிறவர்கள் இல்லை. ஆனால் பணத்தை அவர் தனியாக எடுக்க முடியாது. துணைத் தலைவர் இல்லாத சமயத்தில் வேறொரு உறுப்பினர் கையெழுத்துப் போடலாம் என்று சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு அந்த உறுப்பினரை மன்றக் கூட்டம் அங்கீகரிக்க வேண்டும். ஒன்பது பேரில் ஐந்து பேரைக் கையில் வைத்துத்தான் ஒருவர் துணைத் தலைவரே ஆகிறார். அப்புறம் எங்கே தீர்மானம் போடுவது?

தலைவரை நேரடியாக ஜனங்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தல் முடிந்த இரண்டாவது வாரம் உறுப்பினர்கள் ஐந்து பேர் சேர்ந்தாற்போலக் குற்றாலத்துக்கோ கொடைக்கானலுக்கோ போவார்கள். வேன் யார் ஏற்பாடு என்று கேளுங்கள். அந்த வேன் வாடகை பிறகு எந்தப் பில்லில் வருகிறது என்று தேடுங்கள். நான் தேடியிருக்கிறேன். ஒரு தடவை தெருவிளக்கில் இருந்தது.

ஊராட்சியில் முக்கியமான கணக்கு மூன்று. வரியும் மாநில நிதிக்குழு மானியமும் ஒன்றாம் எண்ணில். கரண்ட் பில்லும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டுகிறதும் இரண்டில். திட்டப் பணம் மூன்றில். மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதியைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டி அனுப்புகிறார்கள். ஒன்றாம் எண்ணில்தான் கொஞ்சம் கை நீட்டலாம். அதனால்தான் எல்லா ஊரிலும் பல்பு, மோட்டார், பிளீச்சிங் பவுடர். பெரிய ஊழல் பண்ண அங்கே இடமே கிடையாது, சில்லறைதான். ரோடு, கட்டடம் என்று பெரிய தொகை வரும் வேலைகளுக்கு மதிப்பீடு, அளவு எடுப்பது, பில் பாஸ் பண்ணுவது எல்லாம் ஒன்றிய அலுவலகத்தில். அங்கே தலைவரும் பத்தோடு பதினொன்றாக பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். யாருக்கு எத்தனை பங்கு என்று எழுத மாட்டேன். விகிதம் ஊருக்கு ஊர் மாறும், வரிசை மாறாது.

இன்னொன்று. காசு கொடு என்று யாரும் கேட்க மாட்டார்கள். "அளவு ஒரு தடவை சரிபார்த்துடுவோம்." "சார் கேம்ப் போயிருக்கார்." "அளவு எழுதுற எம் புக் வேற ஊராட்சியில இருக்கு." புதுத் தலைவருக்கு இந்த மூன்று வாக்கியத்துக்கும் அர்த்தம் புரிய ஆறு மாசம் ஆகும்.

சிமெண்ட் மூட்டை

கான்ட்ராக்டர் ஒருத்தன் இங்கே இருக்கிறேன், சின்ன ஆள்தான். எல்லாரும் திட்டுவதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன்.

சிமெண்ட் ரோடு வேலை எடுத்தால் கடையில் கடன், ஜல்லிக்குக் கடன், மேஸ்திரிக்கு மட்டும் ரொக்கம். வேலை முடிந்து பில் வர நாலு மாசம், சில சமயம் எட்டு. கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வரிசையில் இருப்பவர்களுக்கு முன்னாலேயே கொடுத்தாக வேண்டும். அதை நான் எங்கே பிடிப்பேன்? ஏழு அங்குலம் போட வேண்டிய இடத்தில் ஓரத்தில் மட்டும் ஏழு, நடுவில் அஞ்சு. ஓரத்தில்தான் பார்ப்பார்கள். மூன்றாவது மழைக்கு நடுவில் விரிசல் விடும். திட்டு தலைவருக்கு.

ஒரே ஒரு தலைவர் எனக்கு ஒரு பைசா வேண்டாம் என்றார். கும்பிட்டேன். ஆனால் அவருக்குப் போகாத காசு ரோட்டுக்குப் போகவில்லை. மற்ற எல்லாருக்கும் வழக்கம்போலக் கொடுக்க வேண்டியிருந்தது, அவர் பங்கில் அரைவாசியையும் வேறொருத்தர் வாங்கிக்கொண்டார். நடுவில் அஞ்சு என்பது அஞ்சரை ஆனது, அவ்வளவுதான்.

வாத்தியார் வீடு

அரை அங்குலம் கூடியிருக்கிறதே! அதைத்தான் நான் கேட்கிறேன். நூறு பேர் அரை அங்குலம் கூட்டினால் ரோடு நிற்கும்.

மூன்றாம் வார்டு மருமகள்

நானும் தலைவராக இருந்தேன். பெண்கள் இடஒதுக்கீட்டில் வந்தவள். 2016-இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று சட்டம் திருத்தினார்கள், அதனால்தான் எங்கள் ஊர் எங்களுக்கு வந்தது. நிற்கும்போது என்னை யாரும் கேட்கவில்லை. மனுவில் என் படம் ஒட்டின பிறகுதான் விஷயமே சொன்னார்கள்.

முதல் வருஷம் என் வீட்டுக்காரர்தான் தலைவர். அலுவலகத்தில் அவரைத்தான் "தலைவரே" என்பார்கள், என்னை "தலைவரம்மா வந்திருக்காங்க, டீ சொல்லு" என்பார்கள். தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது போட்ட கையெழுத்தெல்லாம் உண்டு.

ஒரு நாள் சும்மா புரட்டினேன். ஒவ்வொரு கூட்டத்தின் கடைசித் தீர்மானத்துக்கும் என் கையெழுத்துக்கும் நடுவில் நாலு வரி, ஐந்து வரி காலியாக விட்டிருந்தது. முந்தின மாசப் பக்கத்தில் அந்த இடத்தில் வேறு மையில் ஒரு தீர்மானம் ஏறியிருந்தது, நெருக்கி நெருக்கி, சின்ன எழுத்தில். குப்பை வண்டி பழுதுபார்ப்பு. எங்கள் ஊரில் அப்போது குப்பை வண்டியே இல்லை.

அன்றிலிருந்து கையெழுத்துப் போடும் முன்பு காலி இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவேன். ஸ்கேல் வைத்து. என் பையன் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த ஸ்கேல். செயலர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் பத்து நாள் பேசவில்லை. அதற்கப்புறம் பணம் ஆன்லைனில் என்றார்கள், டிஜிட்டல் கையெழுத்து, அதற்குப் பென் டிரைவ் மாதிரி டோங்கிள் என்று ஒன்று வந்தது. என் பெயரில் வாங்கின டோங்கிளை நான் மொத்தம் இரண்டு தடவைதான் கண்ணால் பார்த்தேன். வேறொருவர் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்டு, பத்துப் பன்னிரண்டு ஊர் டோங்கிளோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். அதில் கோடு இழுக்க ஸ்கேல் இல்லை.

பழைய கிளார்க்

அம்மா, அந்தக் கோட்டுக்கு என் கும்பிடு. காலி இடம் விடுவது எங்கள் ஆட்கள் வேலைதான். நானும் விட்டிருக்கிறேன்.

மேலூர்ப் பக்கம்

எல்லாரும் காசையே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் தலைவர் பதவி என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேறு. மேலவளவு ஊராட்சி 1996-இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மனு போடக்கூடாது என்று மிரட்டல், வீடுகளுக்குத் தீ, வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது, எல்லாம் நடந்தது. கடைசியில் ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று, பஸ்ஸில் ஊர் திரும்பும்போது, கூட வந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். அதே மாதிரி ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் நான்கிலும் பத்து வருஷம் தேர்தலை ஒழுங்காக நடத்தவிடவில்லை. நின்றாலும் ஜெயித்த கையோடு ராஜினாமா. 2006-இல்தான் ஒழுங்காகத் தலைவர்கள் உட்கார்ந்தார்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தாழ்த்தப்பட்ட பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் எல்லாரும் பார்த்ததுதான்.

தரையில் உட்காருகிற தலைவர் எந்தப் பில்லைத் திருப்பி அனுப்ப முடியும்? அவர் கையெழுத்தைத் திருடுகிறவன்தான் அந்த ஊரில் ஊழல் செய்கிறவன். தணிக்கைத் தடையில் வருவது மட்டும் அவர் பெயர். இதையும் "நீங்களே கூட்டிக்கொண்டு வந்த அழுத்தம்" என்பீர்களா?

வாத்தியார் வீடு

இல்லை. அதைச் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் என் கேள்வி பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். 11 லட்சம் போட்டவரிடம் கேட்டதை மட்டும் வாபஸ் வாங்கமாட்டேன்.

சட்டப் புத்தகம்

இரண்டு விஷயம், தம்பிக்குப் பயன்படும்.

ஒன்று, தலைவரைப் பதவியிலிருந்து இறக்குகிற, ஊராட்சிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு. மன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் குற்றச்சாட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு கலெக்டரிடம் கொடுக்கலாம். கலெக்டர் தானாகவும் எடுக்கலாம். விளக்கம் கேட்டு, திருப்தி இல்லை என்றால் தாசில்தார் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பார். கடைசி முடிவு கலெக்டர் கையில். ஒன்பதில் ஆறு பேர் சேர்ந்தால் இந்த வண்டி கிளம்பிவிடும். திருடனை இறக்கவும் இந்தப் பிரிவுதான், பங்கு கொடுக்காதவனை மிரட்டவும் இந்தப் பிரிவுதான். அதற்கு முன்னாலேயே செக் பவரைப் பிடுங்குவதும் நடக்கும்.

இரண்டு, ஊழல் தடுப்புச் சட்டம் 1988. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும். சிமெண்ட் மூட்டை அண்ணன் கவனிக்கவும். லஞ்ச ஒழிப்புத் துறையிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னால் பொடி தடவிய நோட்டைக் கொடுத்தனுப்புவார்கள். வாங்கினவர் கையைக் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும்.

பழைய கிளார்க்

தலைவருக்கு ஓட்டுப் போடுகிற சீட்டும் இளஞ்சிவப்புதான் தம்பி. ஆரம்பமும் முடிவும் ஒரே கலர்.

சிமெண்ட் மூட்டை

ஏழு நாள் சட்டம் தெரியும். புகார் கொடுத்தவன் அடுத்த டெண்டர் எடுத்ததைக் காட்டுங்கள், நானும் போகிறேன். இப்போதே மூன்று பில் நிற்கிறது.

நெறியாளர்

ஒரு பதிவில் அதிகாரி ஒருவரின் பெயரும் ஒன்றியத்தின் பெயரும் இருந்தன, நீக்கிவிட்டேன். பெயர் வேண்டாம்.

அறுபது மாசம்

கண்மாய்க்கரை கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை, மன்னிக்கவும். தம்பி நிற்கட்டும். ஆனால் தலைவர் ஓட்டுக்காக ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு, வார்டு உறுப்பினர்கள் யார் என்று கவனிக்காமல் விட்டேன் பாருங்கள், அந்தத் தப்பை அவன் பண்ண வேண்டாம். கூட ஐந்து பேரை நிறுத்தச் சொல்லுங்கள். சொந்தக்காரர் வேண்டாம், குறிப்பாக மச்சான் வேண்டாம். நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்களில் கணக்குத் தெரிந்தவர்கள் எப்படியும் இரண்டு பேர் இருப்பார்கள், வருகைப் பதிவில் ஒரு நாள் விடுபட்டாலும் சண்டை போடுகிறவர்கள். அவர்களைக் கேளுங்கள்.

கடன் வாங்கி நிற்கிறான் என்றால் மட்டும் தடுத்துவிடுங்கள். வாத்தியார் சொன்னது எனக்கு வலிக்கிறது, ஆனால் அந்த இடத்தில் அவர் சொன்னதுதான் சரி.

கண்மாய்க்கரை

நேற்று ராத்திரி தம்பியை உட்கார வைத்து இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். ரோட்டு விஷயத்தில் சிரித்தான், டிப்ளமோ படித்தவன் அல்லவா. குடம் விஷயத்தில் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா காலத்தில் எங்கள் வாசலிலும் இரண்டு தடவை குடம் வைத்தார்கள், நாங்கள் பங்காளி என்பதால்.

எவ்வளவு செலவு பண்ணுவாய் என்றேன். சேமிப்பு ஒன்றரை லட்சம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்றான். அதை வைத்து ஜெயிக்க முடியாதே என்றேன். "அப்போ தோத்துட்டுப் போறேன்" என்றான்.

அப்புறம் ஒரு நோட்டை எடுத்து ஒன்று முதல் ஒன்பது வரை வார்டு எண் எழுதினோம். எங்களுக்கும் ஒன்பதுதான். இரண்டுக்கும் ஏழுக்கும் ஆள் உடனே தோன்றியது. நாலாம் வார்டுக்கு, நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளரோடு தினமும் மல்லுக்கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்கலாம் என்றான். ஒன்பதாம் வார்டில் அவன் மச்சானே நிற்கப் போகிறான், அதை நிறுத்துவது யார் என்பதில் பேச்சு நின்றுவிட்டது. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. மச்சானிடம் நான் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் போகவில்லை.